சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்: தூரத்தை வைத்து நேரம் போட்டால் ஏன் ஒத்துவரவில்லை?

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. முதல் முறையாகத் தனியாக விமானம் ஏறுகிறார். சாங்கியில் ஏறி ஜேஎஃப்கேயில் இறங்க வேண்டும். நடுவில் எங்கேயும் மாற வேண்டாம் என்பதற்காகவே நேரடி விமானமாகப் பார்த்து டிக்கெட் போட்டேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை மணி நேரம்பா உட்கார்ந்திருக்கணும்?" இரண்டாவது கேள்வி, "மாத்திரையை எப்போ போட்டுக்கணும்?" காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளை மாத்திரை அவருக்கு. ஐந்து நிமிடம் தள்ளிப் போட மாட்டார். செல்போனில் நேரம் பார்க்கும் வழக்கமும் இல்லை. முள் வைத்த பழைய கைக்கடிகாரம் ஒன்றுதான் அவருக்குக் கணக்கு.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

தூரம் சொல்லும் ஒரு வெப்சைட்டில் 15,345 கி.மீ., பறக்கும் நேரம் 19 மணி 41 நிமிடம் என்று வந்தது. இன்னொன்றில் அதே 15,345, ஆனால் நேரம் 17 மணி 33 நிமிடம். மூன்றாவதில் தூரம் 8,286 மைல். நான்காவதில் 9,535 மைல். போதாக்குறைக்கு 2018-ல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான நியூவர்க்குக்கு நேரடி சேவை தொடங்கியபோது வந்த செய்தியைத் தேடிப் பார்த்தால் 16,700 கி.மீ. என்று இருக்கிறது. நியூவர்க் ஜேஎஃப்கேக்கு அந்தப் பக்கம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானே? ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

சரி, டிக்கெட்டையே நம்புவோம் என்று பார்த்தேன். செப்டம்பர் கடைசியில் போகிறார். இரவு 11.30-க்குப் புறப்பட்டு அடுத்த நாள் காலை 6.10-க்கு இறங்குகிறது. பயண நேரம் 18 மணி 40 நிமிடம். இங்கேயும் அங்கேயும் 12 மணி நேர வித்தியாசம், கணக்கு சரியாக வருகிறது. திரும்புவது நவம்பர் இரண்டாவது ஞாயிறு. இரவு 10.30-க்குப் புறப்பட்டு செவ்வாய் காலை 6.20-க்கு இறங்குகிறது. 31 மணி 50 நிமிடத்தில் 12 போனால் 19 மணி 50 நிமிடம் வர வேண்டும். டிக்கெட்டில் 18 மணி 50 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தைக் காணோம்!

எதை நம்பி அம்மாவுக்குச் சொல்வது?


ஜன்னல்சீட் எழுதியது:

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது அல்லவா? ஒரு பக்கம் போகும்போது ஊர் நம்மை நோக்கி வரும், இன்னொரு பக்கம் போகும்போது விலகிப் போகும். அதனால்தான் போகவும் வரவும் நேரம் மாறுகிறது. ஒரு மணி நேரம் டிக்கெட் அடித்தவர்கள் தப்பாகப் போட்டிருப்பார்கள். போன் போட்டுக் கேளுங்கள்.


பழைய டிஸ்பாட்ச் எழுதியது:

போன் எல்லாம் போட வேண்டாம். டிக்கெட் சரிதான். நான் விமானத்தின் வழியும் எரிபொருளும் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன், பழக்கதோஷம்.

முதலில் அந்த இரண்டு வெப்சைட்டுகள். 15,345-ஐ 800-ஆல் வகுங்கள். 19.18 மணி வரும். அதோடு ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் 19 மணி 41 நிமிடம். இப்போது 900-ஆல் வகுங்கள். 17.05. அரை மணி சேர்த்தால் 17 மணி 33 நிமிடம். இரண்டு பேருக்கும் ஒரே சூத்திரம்தான், வேகத்தை மட்டும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த விமானம், எந்த வழி, அன்றைக்கு என்ன காற்று, ஒன்றும் அவற்றுக்குத் தெரியாது. தூரத்தை வகுத்து வந்த எண்ணுக்கு நிமிடம் வரைக்கும் துல்லியம் காட்டுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

தூரத்தை நீங்களே போடலாம், வெப்சைட்டே வேண்டாம். இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில். ஜேஎஃப்கே மேற்கில் 73.8. கூட்டினால் 177.8. நேர் மறுபக்கம் என்றால் 180, அதற்கு இரண்டே டிகிரிதான் குறைவு. ஆக, மிகக் குறுகிய வழி கிட்டத்தட்ட வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. சாங்கியிலிருந்து நேராக வடக்கே நூல் பிடித்தால் தாய்லாந்து, சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிப் பக்கம் இர்குட்ஸ்க், அப்புறம் துருவம். அங்கிருந்து கனடா வழியாகக் கீழே இறங்கினால் நியூயார்க். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உலக உருண்டை ஒன்றை எடுத்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சாங்கி வடக்கே 1.36 டிகிரி. துருவத்துக்கு மீதி 88.64. ஜேஎஃப்கே 40.64 டிகிரி. துருவத்திலிருந்து 49.36. இரண்டையும் கூட்டினால் 138. உருண்டையின் மேல் ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். 138-ஐ 60-ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆக 15,335 கி.மீ. உங்கள் வெப்சைட்டோடு பத்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமியை எவ்வளவு பெரிய உருண்டை என்று வைத்துக்கொள்கிறோம் என்பதில் வரும் வித்தியாசம் அது. மூன்றாவது வெப்சைட் காட்டிய 8,286 கடல் மைல், நான்காவது காட்டிய 9,535 சாதாரண மைல். இரண்டும் ஒரே தூரம்தான்.

16,700-ம் தப்பில்லை. அது விமானம் உண்மையில் பறக்கும் வழியின் நீளம். நூல் பிடித்த வழியில் யாரும் பறப்பதில்லை.

டிக்கெட்டில் இருப்பதும் வெறும் பறக்கும் நேரம் இல்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து வண்டி கேட்டிலிருந்து அசைவது முதல், அந்தப் பக்கம் கேட்டில் நிறுத்தித் திரும்பக் கட்டையை வைப்பது வரை. பிளாக் டைம் என்போம். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு கேட் கிடைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். அதனால் சில நாள் அரை மணி முன்னாலேயே வந்து இறங்கிவிடும். "சீக்கிரமாக வந்துவிட்டோம்" என்று அறிவிப்பார்கள். அந்த அரை மணியை அட்டவணையில் ஒளித்து வைத்ததே நாங்கள்தான்.

காணாமல் போன ஒரு மணி நேரம் நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆக உங்கள் அம்மா போகும்போது வித்தியாசம் 12 மணி நேரம், திரும்பும்போது 13. 31.50-இல் 13 போனால் 18.50. டிக்கெட் கணக்கு நேராகிவிட்டதா?

ஜன்னல்சீட் தம்பிக்கு ஒன்று. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. நீங்கள் சொல்வது சரியென்றால், அங்கே ஒரு ஹெலிகாப்டர் மேலே எழும்பி ஒரு மணி நேரம் சும்மா நின்றாலே 1,670 கி.மீ. மேற்கே போய் இறங்கிவிடலாம். காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. நேரத்தை மாற்றுவது ஜெட் ஸ்ட்ரீம் என்ற மேல்காற்று. சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும். குளிர்காலத்தில் 200, 300 கி.மீ. வேகம்கூட வரும்.


நடைபாதை ஓரம் எழுதியது:

பெரியவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டக் குறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் தேதியைக் கவனியுங்கள், மணியை விட அதுதான் ஆளைக் கவிழ்க்கும். என் கதையைக் கேளுங்கள்.

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ். வியாழன் காலை 10 மணிக்கு விமானம். பதின்மூன்றரை மணி நேரப் பயணம். நான் என்ன செய்தேன், "ராத்திரி பதினொன்றரைக்கு இறங்குவோம், தூங்கிவிட்டு வெள்ளி காலை 9 மணி விமானத்தைப் பிடிப்போம்" என்று அடுத்த டிக்கெட்டைத் தனியாகப் போட்டேன். இறங்கினேன். வெளியே விடியற்காலை வெளிச்சம். போன் காட்டிய நேரம் காலை 6.30, கிழமை வியாழன். அதாவது புறப்பட்ட நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தேன். பசிபிக் நடுவே இருக்கும் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போகும் என்பதை மறந்தே போனேன். அடுத்த விமானத்துக்கு இருபத்தாறரை மணி நேரம். மாற்றிக் கொடுங்கள் என்றால் புது டிக்கெட் விலை கேட்டார்கள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த வியாழக்கிழமையை இரண்டாவது முறை வாழ்ந்து முடித்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது, டிக்கெட்டில் தேதி தெளிவாகத்தான் இருந்தது. நான் தூரத்தையும் மணியையும் மட்டும் பார்த்தேன்.

அம்மாவைக் கூப்பிட வருபவரிடம் "செவ்வாய் காலை" என்று இரண்டு முறை சொல்லுங்கள். திங்கள் காலை வந்து நின்றுவிடப் போகிறார்.


அரைத்தூக்கம் எழுதியது:

நவம்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வருடாவருடம் நானே அடுப்புக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறேன், ஆனாலும்! மிக்க நன்றி சார்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? துருவம் வழியாகப் போனால்தான் குறுக்கு வழி என்றால் ஏன் அப்படிப் போவதில்லை? அம்மா ஜன்னலோர சீட் கேட்டிருக்கிறார். கீழே என்ன தெரியும் என்று சொல்ல வேண்டும்.


பழைய டிஸ்பாட்ச் எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள்.

துருவத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்று இல்லை, பல விமானங்கள் பறக்கின்றன. ஆனால் அதற்குச் சில்லறைத் தொல்லைகள் உண்டு. அங்கே வெளிக்காற்று அவ்வளவு குளிர் என்பதால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமான ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அவசரமென்றால் இறங்க விமான நிலையமும் அக்கம்பக்கத்தில் இருக்காது. அது போக, இந்த நூல் ரஷ்யாவுக்கு மேலே நீளமாகப் போகிறது. உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நிறுவனங்கள் அந்த வான்வெளியைத் தொடுவதில்லை. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் ஃபின்னேர் விமானம் அதற்கு முன்பு சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது, அப்புறம் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. விமான நிலையங்கள் ஒரு அடி நகரவில்லை, தூரம் சொல்லும் வெப்சைட்டில் ஒரு எண்கூட மாறவில்லை.

ஆனால் பெரிய காரணம் காற்றுதான். எங்கள் வேலையே அதுதான். மேல்காற்று வரைபடத்தை விரித்துவைத்து நாலைந்து வழி போட்டுப் பார்ப்போம். எது குறைந்த தூரம் என்று பார்க்க மாட்டோம், எதில் எரிபொருள் குறைவு என்று பார்ப்போம். ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு முதலில் அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையைத் திருப்பி பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்தார்கள். தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது. நேரம் கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது. எங்கள் அறையில் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். காற்று முதுகில் தள்ளினால் சுற்று வழிதான் குறுக்கு வழி.

2020 பிப்ரவரியில் புயல் அடித்த இரவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம் அது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டது என்று அப்போது சிலர் குதித்தார்கள். இல்லை, சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்றே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவின் விமானம் போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைத் தாண்டி, அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழையும். திரும்பும்போது காற்றைப் பொறுத்து மாறும். சில நாள் பசிபிக் வழியே, சில நாள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியே. எந்த வழி என்று புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவாகும், அதனால் "கீழே இது தெரியும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் திரும்பும்போது அட்லாண்டிக் வழி அமைந்தால் ஒரு வேடிக்கை. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. உங்கள் அம்மா உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார்.

இந்தத் தடத்தில் ஓடும் ஏ350 விமானத்தில் 161 சீட்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இடம் இல்லாமல் இல்லை, எடைதான் பிரச்சினை. டேங்கில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்தால் 132 டன். விமானம் மேலே எழும்ப அனுமதித்த மொத்த எடையே 280 டன். கிட்டத்தட்டப் பாதி எரிபொருள். பதினெட்டாவது மணிக்கு எரிக்க வேண்டிய எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும், சுமப்பதற்கும் எண்ணெய் செலவாகும். இந்தக் கணக்குதான் எங்களைப் பல ராத்திரி தூங்கவிடாமல் செய்தது.

இனி மாத்திரை. மருந்தைப் பற்றி அம்மாவின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது என் வேலை இல்லை. கடிகாரம் என் வேலை. போகும்போது வித்தியாசம் சரியாக 12 மணி நேரம். முள் கடிகாரத்தில் 12 மணி நேரம் என்றால் ஒரு முழுச் சுற்று, முள் அதே இடத்துக்கு வந்துவிடும். ஆக அவர் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்! ஏறும் முன் மாலை ஆறு மணி மாத்திரை. அடுத்தது முள் ஆறைத் தொடும்போது, அதாவது புறப்பட்டு ஆறரை மணி நேரத்தில். அதற்கடுத்தது மறுபடி ஆறைத் தொடும்போது. அப்போது நியூயார்க்கில் விடியற்காலை ஆறு, விமானம் கேட்டில் நிற்கப் பத்து நிமிடம். சீட் பெல்ட் போடச் சொல்லி ரொம்ப நேரம் ஆகியிருக்கும், அதனால் தண்ணீரை முன்னாலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.


ஜன்னல்சீட் எழுதியது:

ஹெலிகாப்டர் உதாரணத்தில் அடங்கிவிட்டேன் சார். பள்ளியிலிருந்தே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போ காற்றே இல்லாவிட்டால் போக, வர ஒரே நேரம்தானா?


பழைய டிஸ்பாட்ச் எழுதியது:

ஒரே வழியில் பறந்தால், ஒரே நேரம்தான்.


அரைத்தூக்கம் எழுதியது:

நேற்று ராத்திரி அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். தூரம், துருவம், எரிபொருள் எதுவும் அவருக்கு ஏறவில்லை. பதினெட்டே முக்கால் மணி நேரம் என்றதும் "சரி" என்றார். கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்றதும்தான் குரலில் நிம்மதி தெரிந்தது. "இது எனக்குத் தெரிஞ்ச நேரத்துலயே ஓடும்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அப்புறம் நவம்பர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும், ஊர் திரும்பி இறங்கியதும் ஒரு மணி நேரம் முன்னால் வைக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதை ஏன்பா திருகணும்? பழைய கடிகாரம், திருகி திருகி நின்னுடப் போவுது" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். திருகாமல் விட்டால் நியூயார்க்கில் கடைசி ஒரு வாரம் மட்டும் அது ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டும். சாங்கியில் இறங்கியதும் தானாகவே சரியாகிவிடும். மாத்திரையும் அதே முள்ளில், அதே ஆறில். சார், கணக்கு சரிதானே?


பழைய டிஸ்பாட்ச் எழுதியது:

சரிதான். அந்த ஒரு வாரம் மட்டும் வெளியே கிளம்பும் நேரத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள்.